நிறத்தைப் பார்க்காதே

முயலுக்குப் பின்னால் நாய் இருக்கிறதா இல்லையா என்பதுதான் இன்று காலை நான் கண்டுபிடிக்க வேண்டியது. வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு கையுறையை மாட்டினேன். மேசையில் கிடப்பது ஒரு குழந்தை அங்கியின் தோள்பகுதி. எகிப்தின் மணலுக்குள், ஒரு கொப்டிக் கிறிஸ்தவக் குடும்பத்தின் புதைகுழியில், ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்குக் குறையாமல் கிடந்தது. வெளுக்காத லினன் துணி, அதில் கருஊதாக் கம்பளி நூலால் நெய்த ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓடுகிற முயல். முயலின் காதுகள் பின்னால் படிந்திருக்கின்றன, ஒரு கண் தெரிகிறது, முயலுக்கு இருக்கக்கூடியதைவிடப் பெரிய கண். இந்தத் துணிகளில் எல்லாவற்றுக்கும் கண் பெரிது, மீனுக்கும் வாத்துக்கும் குதிரைவீரனுக்கும் ஆடுகிற பெண்ணுக்கும் ஒரே கண்தான், யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்ததுபோல. வட்டத்தின் கால்வாசி மடிந்து உள்ளே போயிருக்கிறது. புதைத்த அன்று மடிந்த மடிப்பு, அப்படியே காய்ந்து அப்பளம்போல இறுகிவிட்டது. விரலால் பிரித்தால் நொறுங்கும். ஆவி மட்டும் கடக்கக்கூடிய ஒரு மெல்லிய தாளை அதன் மேல் போட்டு, அதற்கு மேல் நனைத்த ஒற்றுத்தாளை வைத்து, கண்ணாடியால் மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நூல் தானாக ஞாபகப்படுத்திக்கொண்டு தளரும். இங்கே ஜெர்மனியில் இதை எனக்குக் கற்பித்தவர்கள் இந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள், நூலுக்கு ஞாபகம் இருக்கிறது என்று. ஜெர்மன் மொழியில் அது ஒரு தொழில்நுட்பச் சொல், அதற்குள் இரக்கம் எதுவும் கிடையாது. தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். இன்னும் தளரவில்லை. கண்ணாடியைத் திரும்ப மூடினேன். தொலைபேசி மேசையின் மறுகரையில், சத்தம் போட வைத்து, முகம் மேலே இருக்கும்படி கிடக்கிறது. வேலையறையில் தொலைபேசி வைத்திருக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பது நான்தான்.

காலையில் நான் டிராமில் வேலைக்கு வரும்போது தயாளினி ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். என் தங்கை. எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பாள், அதனால் எண்ணைப் பார்த்ததுமே யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன், அது முழுப் பிழையும் இல்லை. "அண்ணா, இண்டைக்குத்தான் உடுப்புகளைக் காட்டினம். நான் மண்டபத்து வாசலில வரிசையில நிக்கிறன்" என்றாள். எங்கள் ஊர் உப்பளத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் போடக் கிண்டியபோது எலும்புகள் வந்ததும், வழக்குப் போட்டு முறையாகத் தோண்டியதும், அதோடு வந்த துணிகளை உறவினர் பார்க்க வைக்கப்போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தேதிதான் தெரியாது. அல்லது அவள் சொல்லி நான் மறந்திருப்பேன். "பகி அண்டைக்குப் போட்டிருந்தது நீங்கள் அனுப்பின சேட் எண்டுதான் அம்மா எல்லாரிட்டையும் சொன்னவ. அது என்ன நிறம் அண்ணா?" பகி என்பது பகீரதன், எங்கள் கடைசித் தம்பி. பத்தொன்பது வயதில் சைக்கிளில் மண்ணெண்ணெய் வாங்கப் போனான், வழியில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு, சைக்கிள் மட்டும் வேலியோரம் சாய்ந்திருந்தது. தயாளினி அன்று பெரியம்மா வீட்டில் நின்றாள். அவன் புறப்பட்டதைப் பார்த்தது அம்மா ஒருத்திதான், அம்மாவும் இப்போது இல்லை. நான் டிராமின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீலம்" என்றேன். உடனே, "நீலமாத்தான் இருக்கவேணும்" என்றேன். அவள், "அம்மா ஒருக்கா நீலம் எண்டுவா, இன்னொருக்கா கோடு போட்டது எண்டுவா. நீலக் கோடோ?" என்றாள். எதிரே உட்கார்ந்திருந்த பெண் தன் நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது. அதற்குள் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

நீலம் என்று ஏன் சொன்னேன். எல்லா ஆண்களின் சட்டையும் நீலம் என்பதால். அவன் காணாமல் போன வருடம் நான் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன், பெரிய கடையொன்றின் வாசலில் தொட்டியில் குவித்துப் போட்டிருந்த சேட்டுகளில் ஒன்றை எடுத்தேன், எடுத்தது ஞாபகம் இருக்கிறது, கையை உள்ளே விட்டுத் துழாவியது, பொலித்தீன் உறையின் சரசரப்பு, கழுத்தளவு தெரியாமல் என் கழுத்தில் வைத்துப் பார்த்தது, பகி என்னைவிட மெலிவு என்று கடைசியாகக் கண்ட உடம்பை நினைத்தது, அதற்குள் அவன் வளர்ந்திருப்பான் என்று ஒரு அளவு கூட்டி எடுத்தது. எல்லாம் இருக்கிறது, நிறம் மட்டும் இல்லை. துணியை ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன், அவருடைய மீசைகூட ஞாபகம் இருக்கிறது. அதே சேட்டில் எனக்கும் ஒன்று வாங்கினேனோ என்று ஒரு சந்தேகம். அப்படி வாங்கியிருந்தால் அந்தக் குளிர்காலத்துப் படத்தில் நான் அதைத்தான் போட்டிருப்பேன். பனியில் பாலத்தடியில் நிற்கிற படம், ஆனால் அதில் குளிர்க்கோட்டின் பொத்தானை மேல்வரை பூட்டியிருக்கிறேன், சேட் கொலரின் நுனி மட்டும் ஒரு நகம் அளவு தெரிகிறது, வெளிறின நிறம், படமும் வெளிறிவிட்டது. ரெனாட்டே இந்த முயலுக்கு எழுதிய குறிப்பு பக்கத்தில் கிடக்கிறது. ரெனாட்டே இந்தச் சேகரிப்பின் பொறுப்பாளர், அடுத்த மாதக் கண்காட்சிக்கு ஒவ்வொரு துண்டுக்கும் நாலு வரி எழுதிக்கொண்டிருக்கிறாள். முயல், துரத்தப்படும் ஆன்மா. நாய், மரணம் அல்லது உலகத்தின் ஆசை. முயல் தப்பித்தால் மீட்பு. இன்னொரு துணிக்கு, திராட்சைக்கொடி, பழைய மது தெய்வத்தினுடையது, பிறகு கிறிஸ்துவின் இரத்தம். தலையில் வளையம் வைத்த சிலுவை, எகிப்தியருடைய உயிர்க்குறி கிறிஸ்தவத்துக்கு மாறி வந்தது. வாத்தும் மீனும், நைல் நதியின் பெருக்கு, செழிப்பு. எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நெய்தவள் தறியில் உட்கார்ந்து ஆன்மா ஆன்மா என்றா நூலைக் கோத்தாள்? நாளைக்கு அந்தக் குழந்தை இதைப் போட்டுக்கொண்டு ஓடும், முயல் நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பாள். நீலத்துக்கு என்ன அர்த்தம். பகி போட்டுக்கொண்டு போனது நீலம் என்றால் ஒன்று, கோடு என்றால் ஒன்று, அப்படி ஒன்றும் இல்லை. எனக்குத் தேவைப்படுவது அர்த்தமே இல்லாத ஒரு நிறம்.

அடுத்த தரிப்பில் இறங்கி நடந்துகொண்டே அவளைத் திரும்ப அழைத்துச் சொன்னேன், "நிறத்தைப் பாக்காதை." "என்ன?" "எங்கட மண் ஈர மண். பருத்தி உக்கிப்போயிருக்கும். மிச்சம் இருக்கிறதெல்லாம் ஒரே மண்ணிறமாத்தான் இருக்கும். நீலம் தேடினா நீ ஒண்டையும் காணமாட்டாய். பொத்தானைப் பார், தைச்ச நூலைப் பார், சிப், இலாஸ்ரிக், அதுகள்தான் நிக்கும்." அவளுக்குப் பின்னால் ஆட்களின் சத்தம் கேட்டது, ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது, யாரோ வரிசையைச் சரியாக நிற்கச் சொன்னார்கள். பிறகு, "நீங்கள் கதைக்கிறது வகுப்பு எடுக்கிற மாதிரி இருக்கண்ணா" என்றாள். கோபமில்லை, சும்மா சொன்னாள். இப்போது ஒற்றுத்தாளை மாற்றும்போது அதைத்தான் நினைக்கிறேன். நான் சொன்னது சரி. எகிப்தின் மணல் காய்ந்தது, அதனால் லினனும் கம்பளியும் இலையும் பூவும்கூடத் தங்கின. எங்கள் கரையோரத்தில் வருடம் ஒருமுறை தண்ணீர் ஏறி இறங்கும். ஆனால் சரியானதைச் சொன்னேன் என்பதற்காக அது அவளுக்கு உதவும் என்று இல்லை. நிறத்தைத் தேடிக்கொண்டு போகிறவளுக்கு ஏதாவது ஒரு நிறத்தைக் கொடுத்தனுப்பியிருந்தால் அவள் மேசை மேசையாகப் பார்த்து, இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு, அவன் அங்கே இல்லை என்ற நிம்மதியோடு வெளியே வந்திருப்பாள். இப்போது ஒவ்வொரு பொத்தானுக்கும் குனிவாள். மண்டபத்தில் எப்படி வைத்திருப்பார்கள். வெள்ளைத் தாளில் வைத்திருப்பார்களா, பொலித்தீன் பையோடா. பையோடு வைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது, யாரிடம் என்று தெரியவில்லை. நான் இந்தத் தொழிலுக்குத் தேர்ந்து வந்தவனில்லை. அருங்காட்சியகம் கிடங்கு மாற்றியபோது பெட்டி சுமக்க வந்தேன், ஒரு பெட்டியை மற்றவர்களைவிட மெதுவாக வைத்தேன் என்று நிறுத்திக்கொண்டார்கள், பிறகு படிக்கவும் அனுப்பினார்கள். வாழ்க்கையில் நடந்தவற்றில் அது ஒன்றைத்தான் யாருக்கும் விளக்கம் சொல்லாமல் நான் ஏற்றுக்கொண்டேன்.

ரெனாட்டே கோப்பியோடு வந்து கதவருகிலேயே நின்றாள், உள்ளே கோப்பி கொண்டுவரக்கூடாது. "நாய் வந்ததா?" என்று கேட்டாள். "இன்னும் இல்லை." அவள் மேசையின் மறுகரையில் தொலைபேசி கிடப்பதைப் பார்த்தாள், பிறகு சுவரில் ஒட்டிய தாளைப் பார்த்தாள். நானே சொன்னேன். என் தம்பி காணாமல் போனவன் என்று அவளுக்கு முன்பே தெரியும், ஒரு கிறிஸ்மஸ் விருந்தில் சொல்லியிருக்கிறேன், அன்று அவள் அழுதாள், எனக்குச் சங்கடமாக இருந்தது. இன்று, "ஒரு புதைகுழியிலிருந்து எடுத்த துணிகளை என் தங்கை பார்க்கப் போயிருக்கிறாள், அழைப்பு வரும்" என்றேன். அவள் கோப்பியை வெளியே தரையில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "இன்று நீங்கள் இதைச் செய்ய வேண்டாம், குகதாசன். வீட்டுக்குப் போங்கள்." "வீட்டில் போய் என்ன செய்வது?" அவள் குனிந்து கண்ணாடிக்குக் கீழே முயலைப் பார்த்தாள். "உங்கள் தம்பி எப்படிப்பட்டவன்?" என்றாள். யாராவது இப்படிக் கேட்டால் நான் எப்போதும் கெட்டிக்காரன், நல்லாப் படிப்பான் என்று சொல்லிவிடுவேன், அது காணாமல் போனவர்கள் எல்லோரையும் பற்றி எல்லோரும் சொல்வது. இன்று, "பொய் சொல்லுவான்" என்றேன். "சின்னச் சின்னப் பொய். பள்ளிக்கூடத்தில் குரங்கு வந்தது என்பான். எல்லோருக்கும் பொய் என்று தெரியும், ஆனாலும் குரங்கு என்ன செய்தது என்று கேட்போம்." ரெனாட்டே சிரித்தாள், சிரித்ததற்காக வாயைப் பொத்தினாள். நான் ஊரைவிட்டு வந்தபோது அவனுக்குப் பதினாலு. நான் அறிந்தது அந்தப் பதினாலு வயதுக்காரனை. மண்ணெண்ணெய் வாங்கப் போனவனை நான் கண்டதே இல்லை, அவனுக்கு மீசை வந்திருந்ததா என்றும் தெரியாது, அந்த உடம்பை நான் ஒரு சேட்டின் கழுத்தளவால் ஊகித்தேன், அவ்வளவுதான்.

அவள் போன பிறகு தாளைத் தூக்கினேன், மடிப்பு தளர்ந்திருந்தது. முனை மழுக்கிய எலும்புத் தகட்டால் விளிம்பை நெம்பி, மூச்சை அடக்கிக்கொண்டு, கொஞ்சம் திறந்து, நிறுத்தி, இன்னும் கொஞ்சம் திறந்தேன். உள்ளே வெளிச்சம் படாத நிறங்கள். வெளியே பழுப்பாகிப்போன பச்சை உள்ளே பச்சையாகவே இருந்தது, கிளிப்பச்சை, நேற்றுச் சாயம் போட்டதுபோல. நாய் இல்லை. முயலின் வால், ஒரு கொடி, கொடியிலிருந்து வளைந்து வந்து முயலின் வாய்க்கே போகிற ஒரு திராட்சைக்குலை. வாயருகே வெளியே தெரிந்த புள்ளிகளை இதுவரை வெறும் ஓரக்கோலம் என்று நினைத்திருந்தேன். முயல் ஓடவில்லை, எட்டித் தின்கிறது. அந்தக் காதுகள் பயத்தில் படியவில்லை, வேலிக்குள் தலையை விட்டால் எந்த மிருகத்துக்கும் காது படியும். ரெனாட்டேயை அறைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்படியானால் நாலு வரியும் குப்பை" என்றாள், குரலில் சந்தோஷம் இருந்தது. "திராட்சை என்றால் நற்கருணை, மறுமை, என்ன வேண்டுமானாலும் எழுதலாம். இல்லாவிட்டால் பசித்த முயல் என்றே எழுதுகிறேன், யார் கேட்கப்போகிறார்கள்." நான் விளக்கைத் தாழ்த்தினேன், புதிதாகத் திறந்த நிறத்துக்கு வெளிச்சம் கூடாது. துண்டின் கீழ் விளிம்பு நேராக, கத்தரியால் வெட்டியது. நூறு வருடத்துக்கு முன்னால் விற்றவர்கள் செய்தது. முழு அங்கியாக விற்பதைவிடப் படங்களைத் தனித்தனியாக விற்பது சுலபம், அதனால் தோளை வெட்டினார்கள், மார்புப் பட்டையை வெட்டினார்கள், படமில்லாத வெறும் லினனை எறிந்தார்கள். முதுகுப்பக்கம் முழுக்க வெறும் லினன்தான், அதில்தான் கறை இருக்கும், உடம்பு கரைந்து ஊறிய பழுப்புக் கறை, குழந்தை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது என்று அது சொல்லியிருக்கும். யாரும் அதை வாங்கவில்லை. உலகத்தின் அருங்காட்சியகங்களில் அந்தச் சனங்களுடைய முயலும் வாத்தும் இருக்கின்றன. அவர்களுடைய முதுகு ஒன்றுகூட இல்லை. இதைப் பல தடவை நினைத்திருக்கிறேன், ஒரு கருத்தரங்கில் சொல்லியுமிருக்கிறேன், கை தட்டினார்கள். இன்று அது கருத்தாக வரவில்லை. பகியின் முதுகு வந்தது, கிணற்றடியில் குனிந்து நிற்கிறான், நான் வாளியால் ஊற்றுகிறேன், முள்ளந்தண்டு ஒரு சங்கிலிபோல எழும்பித் தெரிகிறது, குளிருது அண்ணா குளிருது என்று கத்துகிறான், அதுவும் பொய், வெயில் நேரம். தொலைபேசி அடித்தது.

"அண்ணா." குரல் சாதாரணமாக இருந்தது. "உள்ள போனை வாங்கி வைச்சிட்டினம். படம் எடுக்க விடேல்லை. பேனை மட்டும் இருந்தது, உள்ளங்கையில கீறிக்கொண்டு வந்தனான். அனுப்பியிருக்கிறன், பாருங்கோ." பார்த்தேன். தயாளினியின் உள்ளங்கை, வியர்வையில் மை பரவியிருக்கிறது. வரிசையாக நாலு சின்னப் படங்கள். "முதலாவது கிண்ணம் மாதிரி, மேல அலை, உள்ள நாப்பது எண்டு கிடக்கு. அடுத்தது முக்கோணம், அதைக் குறுக்கால வெட்டி விட்டிருக்கு. நான் கோபுரமாக்கும் எண்டு நினைச்சன். பிறகு வள்ளமோ என்னவோ, அதுக்குள்ள ரெண்டு புள்ளி. கடைசி வட்டம், உள்ள ஒரு எழுத்து. இதெல்லாம் என்ன அண்ணா?" "எங்க இருந்தது?" என்று கேட்டேன். "ஒரு சேட்டின்ர கழுத்தில. சேட் இல்லை, கொலரின்ர தையல் கொஞ்சம், அதில பிடிச்ச சின்ன நாடாத் துண்டு, ரெண்டு பொத்தான். நீங்கள் சொன்ன மாதிரி ஒரே மண்ணிறம். படத்துக்குக் கீழ எழுத்து இருந்தது, இங்கிலீஷ் மாதிரி, ஆனா இங்கிலீஷ் இல்லை. ஒரு யூ எழுத்துக்கு மேல ரெண்டு புள்ளி. அதைக் கண்டிட்டுத்தான் நிண்டனான்." அவள் கை திரையில் அசையாமல் இருந்தது. நான் வாசித்தேன். என் குரல் வேலைக் குரலாகவே இருந்தது, எனக்குக் கேட்டது. "அது கழுவுற விதம். கிண்ணம் எண்டது தண்ணித் தொட்டி, நாப்பது பாகைச் சூட்டில கழுவலாம். முக்கோணத்தை வெட்டியிருந்தா வெளிற வைக்கிற மருந்து போடக்கூடாது. மற்றது வள்ளமில்லை, அயன் பெட்டி, நடுச்சூட்டில அயன் பண்ணலாம். வட்டம், கடையில குடுத்தும் சுத்தம் செய்யலாம் எண்டு." "வேற ஒண்டும் இல்லையோ? ஆளின்ர பேர் கீர்?" "இல்லை. அவ்வளவுதான்." "ஜெர்மன் எழுத்துத்தானே?" "ஓம், ஜெர்மன்." அவள் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் ஒரு பெண் பெருங்குரலில் அழத் தொடங்கினாள், வேறு யாரோ, வேறு எதையோ கண்டுபிடித்தவள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் எத்தனை வீட்டில் ஜெர்மனியில் ஆள் இருந்தது, அந்தத் தொட்டிக்குள் எத்தனை கை துழாவியது. என் மேசைக்கு இப்படி ஒரு துண்டு வந்திருந்தால் நான் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவேன். "அண்ணா, உள்ள அதிகாரிகள் கேக்கினம், இது எங்கடையோ எண்டு. என்ன சொல்லட்டும்?" "எங்கட எண்டு சொல்லு" என்றேன். "எலும்போட ஒத்துப்பாக்க ரத்தம் எடுக்கவேணும் எண்டுவினம், குடு. எனக்கும் இங்க எடுக்கலாமோ எண்டு கேள்." "ஓம்" என்றாள். திரும்பிப் போகிற சத்தம், செருப்பின் சத்தம், பிறகு நின்றாள். "எல்லாம் முடிஞ்ச பிறகு அந்தத் துண்டை எங்களிட்டைத் தருவினமாம். ஒரே மண், அண்ணா. கழுவித் தரச் சொல்லிக் கேக்கட்டே?" 

"வேண்டாம்" என்றேன். "கழுவ விடாதை. மண்ணோட தரச் சொல்லு."